ரோம் நகரை வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமில் சில வருடம் குடியிருந்தேன். அந்த வருடங்களில் ஊரிலிருந்து உறவினர்கள், நண்பர்கள், நண்பர்களின் பெற்றோர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நான் தொழில்முறை கைடு இல்லை. வந்தவர்களோடு கூடப் போனவன், அவ்வளவுதான். எல்லோரும் கிளம்புவதற்கு முன் போனில் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன். கட்டணங்கள் இதை எழுதும்போது இருந்தவை. டிக்கெட் வாங்கும் முன் அதிகாரப்பூர்வ தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோமைப் பார்க்க எத்தனை நாள் வேணும்?

முழுதாக நான்கு நாள். விமானம் இறங்கும் நாளையும் ஏறும் நாளையும் இதில் சேர்க்காதீர்கள். மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் அதிலும் நன்றாகப் பார்க்கலாம், சிலதை மனசார விட்டுவிட வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் மட்டும் வையுங்கள். காலையில் கொலோசியம், மதியம் வாடிகன் மியூசியம் என்று போட்டுக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே மூன்று மணி நேரம் நின்றும் நடந்தும் பார்க்க வேண்டியவை. மதியம் இரண்டு மணிக்குப் பிறகு கைடு எவ்வளவு அழகாகச் சொன்னாலும் காதில் ஏறாது. காலையில் பெரிய இடம், மதியம் ஓய்வு, சாயங்காலம் நீரூற்றுகளும் சதுக்கங்களும் என்று பிரித்தால் நாலு நாளும் உடம்பு தாங்கும்.

கைடு எதுக்கு? போன்ல பாத்துப் படிச்சுக்கலாமே?

என் அப்பா வந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். பழைய ரோமின் மையச் சதுக்கமான ரோமானிய ஃபோரத்துக்குள் கூட்டிக்கொண்டு போய், போனைப் பார்த்து வாசித்துக்காட்டினேன். அரை மணி நேரத்தில் "என்னப்பா, எல்லாம் உடைஞ்ச தூணா இருக்கு, போலாமா" என்றார். மறுநாள் வேறு ஒரு குடும்பத்துக்காக ஏற்பாடு செய்திருந்த கைடோடு அதே இடத்துக்கு அவரையும் அனுப்பினேன். மூன்று மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். அன்று ராத்திரி சாப்பாட்டில் பேச்செல்லாம் அந்தத் தூண்கள்தான்.

அந்த கைடு செய்தது இவ்வளவுதான்: பேரரசர் அன்டோனினஸ், அவர் மனைவி ஃபாஸ்டினா பெயரில் இருக்கும் கோயிலின் முன்னால் நிறுத்தி, அதன் கதவைப் பார்க்கச் சொன்னார். கி.பி. 141-ல் கட்டத் தொடங்கிய கோயில் அது. பிற்காலத்தில் தேவாலயமாக மாறியது. அந்தத் தேவாலயத்தின் கதவு இப்போது தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில், படியே இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. காரணம், கதவு வைத்த காலத்தில் தரை அந்த உயரத்தில் இருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணும் இடிபாடும் சேர்ந்து ஃபோரம் முழுக்கப் புதைந்து, மேலே மாடு மேய்ந்தது. அந்த இடத்துக்கு 'மாட்டு மைதானம்' என்றே பெயர் இருந்தது. தோண்டிய பிறகுதான் பழைய தரை வந்தது, கதவு மேலே தங்கிவிட்டது. அதே கோயிலின் தூண்களின் உச்சியில், அவற்றைச் சாய்க்கக் கயிறு கட்டி இழுக்கப் பார்த்த தடங்களும் இருக்கின்றன. இந்த ஒரு கதவைப் புரிந்துகொண்டால் ரோம் முழுவதையும் எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துவிடும். போனில் இருந்த கட்டுரையில் ஆண்டுகளும் அரசர் பெயர்களும் இருந்தன. எந்தப் பக்கம் திரும்பி எதைப் பார்ப்பது என்று அது சொல்லவில்லை.

அப்ப எல்லா இடத்துக்கும் கைடு வேணுமா?

வேண்டாம். இடிந்து கிடப்பவைக்கும் அளவுக்கு மீறிக் குவிந்து கிடப்பவைக்கும் கைடு வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகை கொலோசியம், ஃபோரம், பேரரசர்களின் அரண்மனைகள் இருந்த பாலட்டைன் குன்று. இரண்டாவது வாடிகன் மியூசியம். அங்கே எதைப் பார்க்காமல் விடுவது என்று சொல்லத்தான் ஆள் தேவை.

முழுதாக நிற்கும் கட்டடத்துக்கு நீங்களே போதும். பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனை எடுத்துக்கொள்ளுங்கள். பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்தது. குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சிக்கும் அதே 43.3 மீட்டர். உள்ளே கம்பி வைக்காத கான்கிரீட் குவிமாடங்களில் உலகிலேயே பெரியது இன்றும் இதுதான். உச்சியில் திறந்த வட்டம். மழை உள்ளே பெய்து, தரையில் இருக்கும் சிறு துளைகள் வழியாக வடியும். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போய் கால் மணி நேரம் அண்ணாந்து நின்றால் போதும், யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். கட்டணம் உண்டு. திரெவி நீரூற்று, நவோனா சதுக்கம் எல்லாம் காலாற நடந்து பார்க்க வேண்டியவை.

நிலத்தடிக் கல்லறைகளான கேட்டகோம்களுக்கு மட்டும் தேர்வே கிடையாது. உள்ளே வழி தவறிவிடும் என்பதால் அவர்களுடைய வழிகாட்டியோடுதான் விடுவார்கள், அது கட்டணத்திலேயே சேர்ந்தது.

கொலோசியம் டிக்கெட்லயே ஃபோரமும் வருமா?

வரும். சாதாரண டிக்கெட் 18 யூரோ, 24 மணி நேரம் செல்லும். கொலோசியத்துக்கு நீங்கள் குறித்த நேரத்தில் ஒருமுறை, ஃபோரமும் பாலட்டைனும் சேர்த்து ஒருமுறை. பலர் கொலோசியத்தைப் பார்த்துவிட்டு, ஃபோரத்துக்கும் காசு கட்டியாயிற்று என்பதே தெரியாமல் போய்விடுகிறார்கள்.

சண்டை நடந்த அரீனா தளத்திலும், அதன் கீழே விலங்குகளையும் வீரர்களையும் வைத்திருந்த நிலத்தடிப் பகுதியிலும் இறங்க வேறு டிக்கெட், 24 யூரோ. நிலத்தடி டிக்கெட் விற்பனை திறந்த உடனே தீர்ந்துவிடும். கிடைத்தால் விடாதீர்கள், மேலே இருந்து பார்க்கும்போது சுவர்களாகத் தெரிவது, கீழே நிற்கும்போது விலங்குகளை மேலே ஏற்றிய தூக்குப் பொறிகளின் குழிகளாகப் புரியும்.

டிக்கெட் எப்ப வாங்கணும்? பேர்ல கொஞ்சம் வித்தியாசம் இருந்தா பரவால்லயா?

கொலோசியம் 30 நாள் முன்பு திறக்கும், வாடிகன் மியூசியம் ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு. போர்கேஸே அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேர முறை, முன்பதிவு இல்லாமல் உள்ளே விடவே மாட்டார்கள். விசா கைக்கு வந்த பிறகு டிக்கெட்டைத் தொடுங்கள். பெரும்பாலும் பணம் திரும்ப வராது.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் அச்சாகி வரும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். நமக்கு வீட்டில் ஒரு பெயர், ஆதாரில் இனிஷியலோடு ஒன்று, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ விரிந்து இன்னொன்று. டிக்கெட் தளத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதையே எழுத்து மாறாமல் போடுங்கள். இனிஷியல் போடாதீர்கள். குழுவாகப் போனாலும் ஒவ்வொருவர் பெயரும் கைடிடம் இப்படியே போக வேண்டும்.

"வரிசையில் நிற்க வேண்டாம்"னு போட்டு கூடுதல் காசு கேக்கறாங்க. நிஜமாவே க்யூ இருக்காதா?

அது டிக்கெட் கவுண்டர் வரிசையைத்தான் குறிக்கிறது. ஆன்லைனில் வாங்கியவர் யாருக்குமே அந்த வரிசை கிடையாது. பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் உண்டு, எவ்வளவு காசு கொடுத்தாலும் அதைத் தாண்ட முடியாது. ஆகவே அந்த வார்த்தைக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். கைடு, காதுக்கருவி, எவ்வளவு நேரம், எந்தெந்தப் பகுதி என்பதைப் பார்த்து விலையை எடை போடுங்கள்.

சோதனையைச் சீக்கிரம் முடிக்க ஒரு வழி உண்டு. பெரிய பையும் கண்ணாடி பாட்டிலும் கொண்டு போகாதீர்கள்.

வாசல்ல நின்னு கூப்பிடறவங்களை நம்பலாமா? நல்ல கைடை எப்படிக் கண்டுபிடிக்கறது?

இத்தாலியில் கைடு தொழிலுக்குத் தேர்வும் உரிமமும் உண்டு. உரிமம் பெற்றவர் புகைப்படத்தோடு அடையாள அட்டை வைத்திருப்பார். கேட்டால் சங்கடப்படாமல் காட்டுவார். கொலோசியம் மெட்ரோ வாசலில் கையில் படங்களோடு நிற்பவர்கள் பெரும்பாலும் டிக்கெட் விற்கும் ஆட்கள். அவர்கள் உங்களிடம் பணம் வாங்கி, இருபது முப்பது பேர் சேரும் வரை வெயிலில் நிறுத்தி, வேறொருவரிடம் ஒப்படைப்பார்கள்.

முன்கூட்டியே பதிவு செய்யும்போது மூன்று விஷயம் எழுதிக் கேளுங்கள். உரிமம் பெற்ற கைடா, குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர், ஃபோரத்துக்கு உள்ளே வருவாரா அல்லது வெளியே மாடத்தில் நின்று கை காட்டுவாரா? மூன்றாவது கேள்விக்கு நேராகப் பதில் வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். மலிவான சுற்றுகளில் ஃபோரத்தை வெளியிலிருந்தே காட்டி முடித்துவிடுவது சகஜம்.

குழுவோட சேர்றதா, தனியா கைடு வெச்சுக்கறதா?

தனி கைடுக்கு ஆள் கணக்கில்லை, மொத்தமாக ஒரு தொகை. ஆறு பேருக்கு மேல் என்றால் பங்கு போட்டுப் பாருங்கள். பல நேரம் குழுச் சுற்றின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். பெரியவர்கள் இருந்தால் கணக்கே பார்க்க வேண்டாம், தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அம்மா உட்கார வேண்டும் என்றால் உட்காரலாம், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்கலாம். இரண்டு பேர்தான் என்றால் பன்னிரண்டு பேருக்குள் இருக்கும் சிறு குழு நல்லது. கட்டணமில்லை, விருப்பப்பட்டதைக் கொடுங்கள் என்று நடக்கும் நடைச் சுற்றுகள் சதுக்கங்களுக்குச் சரி, டிக்கெட் வாங்கி நுழையும் இடங்களுக்கு அவை வராது.

தமிழ்ல சொல்ற கைடு கிடைப்பாங்களா?

நான் இருந்த காலத்தில் தமிழ் பேசும் உரிமம் பெற்ற கைடு ஒருவரையும் சந்தித்ததில்லை. ஆங்கிலம்தான். நம்மவர்கள் திணறுவது பெரும்பாலும் இத்தாலிய உச்சரிப்பாலும் திரும்பத் திரும்ப வரும் சில சொற்களாலும். 'பசிலிகா' என்றதும் தேவாலயம் என்று நினைத்துக்கொள்வார்கள். ரோமானியர்களுக்கு அது வழக்கும் வியாபாரமும் நடந்த பெரிய கூடம். அந்த அமைப்பைத்தான் பிற்பாடு கிறிஸ்தவர்கள் ஆலயத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். 'ஹைபோஜியம்' என்றால் கொலோசியத்தின் நிலத்தடி. 'ஓகுலஸ்' என்றால் கண், பாந்தியன் உச்சியின் வட்டம். 'டிராவர்டைன்' கொலோசியம் கட்டிய சுண்ணாம்புக் கல்.

ஆங்கிலம் வராத பெரியவர்களுக்கு முதல்நாள் ராத்திரி பத்து நிமிடம் கதையைத் தமிழில் சொல்லிவிடுங்கள். பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கி அவர் மகன் டைட்டஸ் கி.பி. 80-ல் திறந்துவைத்த கட்டடம் கொலோசியம், அதற்கு முன் அங்கே பேரரசர் நீரோவின் அரண்மனை ஏரி இருந்தது என்று இவ்வளவு தெரிந்திருந்தாலே மறுநாள் பாதிப் பேச்சு பிடிபடும்.

முதல் ஞாயிறு இலவசமாமே, அன்னிக்கே போயிடலாமா?

அரசு அருங்காட்சியகங்களும் தொல்லியல் இடங்களும் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், கொலோசியமும் பாந்தியனும் சேர்த்து. வாடிகன் மியூசியம் தனி நாட்டில் இருப்பதால் அதற்குத் தனிக் கணக்கு: ஞாயிறு விடுமுறை, கடைசி ஞாயிறு மட்டும் காலையில் திறந்து மதியம் 2 மணி வரை இலவசம். இரண்டு நாளும் கூட்டம் தாங்காது. இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டு 18 யூரோவுக்காக வெயிலில் பாதி நாளைத் தொலைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. முதல் ஞாயிறு உங்கள் பயணத்தில் விழுந்தால் கூட்டம் குறைந்த, பழைய ரோமானியக் கரகல்லா குளியலகத்துக்குப் போங்கள்.

அம்மாவுக்கு 68 வயசு, முழங்கால் வலி. முடியுமா?

முடியும், வரிசையை மாற்ற வேண்டும். கொலோசியத்தில் லிஃப்ட் இருக்கிறது. வாடிகன் மியூசியத்தில் சக்கர நாற்காலி கேட்டு வாங்கலாம். சிரமம் ஃபோரத்தில்தான்: பழைய ரோமானியச் சாலைக் கற்கள் மேடும் பள்ளமும், நிழலும் குறைவு. ஊர்த் தெருக்களும் சின்னச் சின்னக் கருங்கல் பதித்தவை, மெல்லிய செருப்பில் நடந்தால் சாயங்காலம் பாதம் எரியும். அடி தடித்த ஷூ வாங்கி, ஊரிலேயே ஒரு மாதம் போட்டுப் பழகச் சொல்லுங்கள்.

தனி கைடு என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். பாலட்டைன் குன்றின் ஏற்றத்தை விட்டுவிட்டு ஃபோரத்தை மட்டும் காட்டுவார். ஃபோரம் முழுவதையும் உட்கார்ந்த இடத்திலிருந்து காட்ட வேண்டும் என்றால், கேபிட்டலைன் குன்றின் பின்பக்க மாடத்துக்கு டாக்ஸியில் போய் அங்கிருந்து பாருங்கள். சாயங்கால வெளிச்சத்தில் அதைவிட நல்ல காட்சி ரோமில் எனக்குத் தெரியாது. புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் 551 படி. லிஃப்டில் போனாலும் அதற்கு மேல் 320 படி ஏற வேண்டும், வழி போகப் போகக் குறுகிச் சாய்ந்துகொண்டே போகும். அதை அம்மாவுக்கு வேண்டாம்.

பசங்களுக்கு போரடிக்காதா?

சொற்பொழிவு என்றால் அடிக்கும். தேடச் சொன்னால் அடிக்காது. கொலோசியத்தின் கீழ்த்தள வளைவுகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ரோமானிய எண் வெட்டியிருந்தார்கள். பார்வையாளர் தன் சீட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து நுழைவதற்கு. வெளிச்சுவர் முழுதாக நிற்கும் பக்கத்தில் 23 முதல் 54 வரை இன்றும் இருக்கின்றன. அதில் 54-ஐ எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பள்ளியில் சொல்லிக்கொடுத்த மாதிரி இருக்காது, நாலு கோடு போட்டிருப்பார்கள். தெருவில் சாக்கடை மூடிகளில் எஸ்.பி.க்யூ.ஆர். என்ற நான்கெழுத்தைத் தேடச் சொல்லலாம். 'ரோமின் செனட்டும் மக்களும்' என்ற அந்தப் பழைய முத்திரையை நகராட்சி இன்றும் போடுகிறது.

18 வயதுக்குக் கீழ் எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் கொலோசியம் போன்ற அரசு இடங்களில் இலவசம். ஆனால் பூஜ்ய விலை டிக்கெட் பதிவு செய்தே ஆக வேண்டும், பாஸ்போர்ட்டும் கையில் வேண்டும். வாடிகனில் இந்தச் சலுகை கிடையாது, மிகச் சிறு குழந்தைகளுக்கு மட்டும் இலவசம்.

வாடிகன்ல என்னென்ன கவனிக்கணும்?

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும்தான். புடவை, சுடிதார், வேட்டி எதற்கும் தடையில்லை.

மியூசியத்தோடு சேர்ந்த சிற்றாலயமான சிஸ்டைன் சேப்பலுக்குள் பேசவும் படம் எடுக்கவும் கூடாது, கைடும் பேச மாட்டார். அதனால்தான் வெளியே முற்றத்தில் ஓவியங்களின் படத் தட்டிகளுக்கு முன்னால் நிறுத்தி முதலிலேயே விளக்கிவிடுவார். "இன்னும் உள்ளேயே போகலை, இங்கேயே அரை மணி நேரமா நிக்கிறோம்" என்று பலர் அலுத்துக்கொள்வது இந்த நேரத்தில்தான். அந்த அரை மணி நேரம்தான் முக்கியமானது. மைக்கேலாஞ்சலோ விதானத்தை வரைந்தது 1508 முதல் 1512 வரை. பீடத்துக்குப் பின்னால் இருக்கும் 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தை 1536-ல் தொடங்கி 1541-ல் முடித்தார். இரண்டுக்கும் நடுவில் கால் நூற்றாண்டு, ரோம் ஒருமுறை சூறையாடப்பட்டிருந்தது, அவருக்கும் வயதாகியிருந்தது. மேலே இருக்கும் உடல்களையும் சுவரில் இருக்கும் உடல்களையும் மாறி மாறிப் பாருங்கள், ஒரே கைதானா என்று தோன்றும்.

சேப்பலிலிருந்து நேராகப் பேராலயத்துக்கு ஒரு கதவு உண்டு, குழுக்களை விடுவார்கள் என்று விளம்பரங்களில் இருக்கும். அது பல நாள் மூடியிருக்கும், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். மூடியிருந்தால் வெளியே வந்து மதிலைச் சுற்றி நடந்து, சதுக்கத்தில் மறுபடி பாதுகாப்புச் சோதனை. பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை.

நாங்க திருப்பயணமா வர்றோம். திருத்தந்தையைப் பாக்க முடியுமா?

அவர் ரோமில் இருந்தால் புதன்கிழமை காலை பொது மறைக்கல்வி உரை நடக்கும். அனுமதிச் சீட்டு இலவசம். யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். திருத்தந்தை இல்ல அலுவலகத்துக்கு முன்பே எழுதிக் கேட்கலாம், முதல்நாள் வெண்கலக் கதவில் சுவிஸ் காவலர்களிடமும் வாங்கலாம். ஜூலையில் பொதுவாக இருக்காது. ஞாயிறு நண்பகலில் ஜன்னலிலிருந்து மூவேளைச் செபம். அதற்குச் சீட்டே தேவையில்லை. புதன் காலை பேராலயம் மூடியிருக்கும் என்பதால் அதைப் பார்ப்பதை வேறு நாளுக்கு வையுங்கள்.

பேராலயத்தின் முன்னால் இருக்கும் புனித பேதுரு சதுக்கத்தில்தான் 2022 மே 15 அன்று தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அங்கே கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

எந்த மாசம் வரலாம்? நமக்கு வெயில் பழக்கம்தானே?

மார்ச் இரண்டாம் பாதி, ஏப்ரல், அக்டோபர், நவம்பர் முதல் பாதி. ஈஸ்டர் வாரத்தைத் தவிர்க்கலாம், திருப்பயணிகள் விதிவிலக்கு. ஜூலை ஆகஸ்டில் 35 டிகிரிக்கு மேல் போகும். நமக்கு வெயில் பழக்கம்தான், ஆனால் ஊரில் நாம் மதியம் மூன்று மணி நேரம் மரமில்லாத வெளியில் நடப்பதில்லை. கோடையில் வந்தால் முதல் நுழைவு நேரத்தை வாங்குங்கள்.

தண்ணீருக்குக் கவலை வேண்டாம். தெருவெங்கும் இரும்புக் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும், 'நசோனி' என்பார்கள், பெரிய மூக்கு என்று அர்த்தம். குடிக்க நல்ல தண்ணீர். வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்னத் துளையிலிருந்து பீய்ச்சி வரும், குனியாமல் குடிக்கலாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. துண்டாக வெட்டி எடை போட்டு விற்கும் பீட்சா மலிவு. மரினாரா பீட்சாவில் பாலாடைக்கட்டியே இருக்காது. யூதர் பகுதியில் கூனைப்பூவை (ஆர்ட்டிசோக்) மொறுமொறுவென்று பொரித்துத் தருவார்கள், விடாதீர்கள். ரோமின் சொந்த பாஸ்தாவான 'காச்சியோ எ பெப்பே'யில் பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும்தான், ஆனால் அந்தப் பெக்கோரினோ கட்டியை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட். கண்டிப்பான சைவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். அரிசியும் பருப்பும் இல்லாமல் முடியாது என்றால் விட்டோரியோ சதுக்கத்தைச் சுற்றி இந்திய, வங்கதேசக் கடைகள் இருக்கின்றன.

திருட்டு பயம் இருக்காமே?

ஜேப்படி உண்டு, வன்முறை குறைவு. டெர்மினி நிலையம், மெட்ரோ ஏ வழி, வாடிகன் போகும் 64-ம் எண் பஸ், இந்த மூன்றிலும் பையை முன்பக்கம் மாட்டுங்கள். பாஸ்போர்ட்டை உள்பையில் வையுங்கள். கையில் கயிறு கட்ட வருபவர்களுக்கும் கிளாடியேட்டர் வேஷக்காரர்களுக்கும் நிற்காமல் தலையை ஆட்டிவிட்டு நடங்கள். அவ்வளவுதான், இதை நினைத்து நினைத்து ஊரை ரசிக்காமல் விட வேண்டாம்.

நம்ம ஊருக்கும் ரோமுக்கும் தொடர்பு இருந்துச்சாமே, அங்க ஏதாவது பாக்க முடியுமா?

முடியும். எனக்கு ரோமில் மிகவும் பிடித்த இடமே அதுதான். ஃபோரத்தின் உள்ளே, மூன்று பெரிய வளைவுகளோடு நிற்கும் மேக்சென்டியஸ் பசிலிகாவின் முன் நில்லுங்கள். அந்த இடத்தில் அதற்கு முன்பு பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. 'பிப்பெரட்டாரியா' என்று மிளகின் பெயரையே வைத்திருந்தார்கள். அந்த மிளகு வந்தது அன்றைய சேர நாட்டின் முசிறித் துறைமுகத்திலிருந்து. பருவக்காற்றைப் பிடித்துச் செங்கடல் வந்து, பாலைவனம் தாண்டி, நைல் வழியாக அலெக்சாந்திரியா, அங்கிருந்து இங்கே. ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் முசிறியிலிருந்து வந்த சரக்குக்கான பாப்பிரஸ் ஆவணம் வியன்னாவில் இன்றும் இருக்கிறது.

இதற்குப் பதிலாக ரோமின் பணம் இங்கே வந்தது. ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டெர்ஷியஸ் (ரோமானிய நாணயம்) இந்தியாவுக்குப் போகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி வருத்தப்பட்டு எழுதினார். பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் முகம் பதித்த வெள்ளிக் காசுகள் கோவை, கரூர் பக்கம் குடம் குடமாகக் கிடைத்தன, புதுக்கோட்டையில் தங்கக் காசுகள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகள் இருக்கின்றன. கிளம்பும் முன் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் ரோமில் அதே முகத்தைச் சிலையில் பார்க்கும்போது, அறிமுகமான ஆளாகத் தெரிவார். அரிக்கமேட்டில் கிடைத்த சிவப்புப் பானை ஓடுகளில் சில, இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்தவை. புளோரன்ஸ் போகிறவர்கள் அந்த ஊர்ப் பக்கமாகத்தான் போவார்கள்.

கி.பி. 408-ல் விசிகோத் இனத் தலைவர் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது, விலக அவர் கேட்ட பொருள்களில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. பெரும்பாலான கைடுகள் இதையெல்லாம் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். மிளகுக் கிடங்கு எங்கே என்று நீங்கள் கேளுங்கள். நான் கேட்டவர்கள் எல்லோருமே மகிழ்ந்து போய்ச் சொன்னார்கள்.

கைடு சொல்றதெல்லாம் உண்மைதானா?

நல்ல கைடு "இது உறுதி, இது கதை" என்று பிரித்துச் சொல்வார். சில கதைகள் எல்லோர் வாயிலும் வரும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரோம் எரியும்போது நீரோ பிடில் வாசித்தார் என்பார்கள். அந்த வாத்தியமே அப்போது கிடையாது. கட்டைவிரலைக் கீழே காட்டினால் மரணம் என்பார்கள். விரலை எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்பதற்கே தெளிவான சான்று இல்லை. 'வோமிட்டோரியம்' சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் அறை என்பார்கள். அது கொலோசியத்தில் கூட்டம் வெளியேறும் வழி, நீங்களே அதன் வழியாகத்தான் நடப்பீர்கள்.

கல்வெட்டையும் அப்படியே நம்ப முடியாது. பாந்தியன் நெற்றியில் அக்ரிப்பா கட்டினார் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அவர் கட்டியது எரிந்துபோனது. மேலே நான் சொன்ன ஹாட்ரியன் காலத்துக் கட்டடம் அது, பழையவர் பெயரையே மறுபடி பொறித்தார்கள். இதைச் சுட்டிக்காட்டும் கைடு கிடைத்தால் அவரையே மறுநாளும் கேளுங்கள்.

ஒரு நாள் மிச்சம் இருக்கு. எங்க போகலாம்?

அரை நாள் என்றால் கொலோசியத்திலிருந்து பத்து நிமிட நடையில் சான் கிளமென்டே. மேலே 12-ம் நூற்றாண்டுத் தேவாலயம். படி இறங்கினால் 4-ம் நூற்றாண்டுத் தேவாலயம். இன்னும் இறங்கினால் முதலாம் நூற்றாண்டு வீடும், மித்ராஸ் என்ற பழைய தெய்வத்தின் வழிபாட்டு அறையும். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். முதலில் சொன்ன அந்தரக் கதவில் பார்த்ததை இங்கே படிப்படியாக இறங்கியே பார்க்கலாம், கைடும் வேண்டாம்.

முழு நாள் என்றால் பழைய துறைமுக நகரமான ஓஸ்டியா அன்டிகா. பிரமிடே மெட்ரோ பக்கத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம், திங்கள் விடுமுறை. கடை, குளியலகம், வரிசையாக உட்காரும் கழிப்பறை, வணிகர் அலுவலகங்களின் தரையில் யானையும் கப்பலுமாகக் கற்பதிப்பு ஓவியங்கள். கூட்டமில்லாமல் பார்க்கலாம்.

கப்பல்ல வர்றோம், ரோமுக்கு ஒரே நாள்தான். என்ன செய்யறது?

துறைமுகம் சிவிட்டாவெக்கியாவில், ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் அதே. மிச்சம் ஆறு ஏழு மணி நேரம். வாடிகன் மியூசியத்தை விட்டுவிடுங்கள். கைடோடு கொலோசியமும் ஃபோரமும் மூன்று மணி நேரம், சாப்பாடு, அங்கிருந்து நடந்து பாந்தியன், திரெவி. திருப்பயணிகள் என்றால் மாற்றிப் போடுங்கள்: சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கிப் பேராலயம், பிறகு பாந்தியன். இரண்டையும் ஒரே நாளில் திணிக்கும் பஸ் சுற்றுகளில் பாதி நேரம் ஜன்னல் வழியாகத்தான் ஊர் தெரியும்.

சொன்ன இடத்துல கைடு இல்லைன்னா?

என் சித்தி குடும்பத்துக்கு இது நடந்தது. ஒரு இணையதளத்தில் பதிவு செய்திருந்தார்கள். சந்திக்கும் இடம் "கொலோசியம் மெட்ரோ வாசல்" என்று மட்டும் இருந்தது. அந்த நிலையத்துக்குக் கீழே ஒரு வாசல், மேலே தெரு மட்டத்தில் ஒரு வாசல். இவர்கள் கீழே, குழு மேலே. பதினைந்து நிமிடம் தாமதம், குழு போய்விட்டது, பணமும் திரும்பவில்லை.

ஆகவே முதல்நாளே கைடின் நேரடி எண்ணை வாங்கி, வரைபடத்தில் புள்ளி அனுப்பச் சொல்லுங்கள். அரை மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். வரவில்லை என்றால் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுவிட்டு, நீங்கள் நிற்கும் இடத்தை நேரத்தோடு படம் எடுத்து அனுப்புங்கள், பணம் திரும்பக் கேட்க அது உதவும். கொலோசியம் டிக்கெட் உங்கள் பெயரில் தனியாக இருந்தால் கைடு இல்லாமலும் குறித்த நேரத்தில் உள்ளே போய்விடலாம். இதற்காகவே, தனி கைடு வைத்துக்கொள்கிறவர்களை டிக்கெட்டை மட்டும் நீங்களே வாங்குங்கள் என்று சொல்கிறேன். ஃபோரத்தை அதே 24 மணி நேரத்துக்குள் வேறு கைடு கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம்.